கலிஃபோர்னியா கவுன்டி கோர்ட்டில் வழக்குக் காகிதங்களைத் தேடி வாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோர்ட் காகிதம் நமக்கு எதற்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், தேவை வருகிற நாள் வரை. குடியுரிமைக்கு விண்ணப்பித்தவரிடம் பத்து வருடத்துக்கு முந்தைய கைதுக்கு கோர்ட் தாள் எங்கே என்று கேட்பார்கள். ஊரில் மறுமணப் பேச்சு நடக்கும்போது பழைய விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டியிருக்கும். இறந்துபோன மாமா உயில் எழுதி வைத்தாரா என்று குடும்பத்துக்குத் தெரியாமல் இருக்கும். சென்னையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு, கணவர் இங்கே அவள் மேல் விவாகரத்து வழக்கு போட்டிருக்கிறார் என்ற செய்தி மூன்றாம் மனிதர் வாயிலாக வந்து சேரும்.

இவர்கள் எல்லோருக்கும் வேண்டிய காகிதம் ஏதோ ஒரு கவுன்டி (நம் ஊர் மாவட்டம் போன்ற பிரிவு) கோர்ட்டில் இருக்கிறது. அதைக் கேட்க உரிமையும் இருக்கிறது. எந்த வாசலில் கேட்பது என்பதுதான் தெரிவதில்லை. இங்கே சொல்வது முழுக்க கலிஃபோர்னியா நடைமுறை. டெக்சாஸ், நியூ ஜெர்சி நடைமுறைகள் வேறு.

வழக்கில் சம்பந்தமே இல்லாதவர்கூடப் பார்க்கலாமா? காரணம் கேட்க மாட்டார்களா?

பார்க்கலாம். கேட்க மாட்டார்கள். நம்மவர்கள் அதிகம் தயங்குவது இதில்தான். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் வழக்கில் இல்லாதவர் நகல் கேட்டால், எதற்கு என்று சொல்லி பிரமாணப் பத்திரம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கவுண்டரில் போய்க் கதை சொல்ல ஆரம்பிக்கிறார்கள். தேவையில்லை. கேஸ் நம்பரைச் சொல்லி, கோப்பைப் பார்க்க வேண்டும் என்றால் போதும்.

இந்த உரிமைக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. நீதிமன்றப் பதிவுகளைப் பார்க்கவும் நகலெடுக்கவும் பொதுமக்களுக்குப் பொதுவான உரிமை உண்டு என்பதை 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கிரிமினல் விசாரணையை மூடிய அறையில் நடத்தக் கூடாது என்று 1980-ல் சொன்னது. கலிஃபோர்னியாவில் 1999-ல் இன்னொரு முக்கியமான தீர்ப்பு வந்தது. நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட் மீது சான்ட்ரா லாக் போட்ட சிவில் வழக்கில், ஜூரி இல்லாத நேரங்களில் விசாரணை நீதிபதி பத்திரிகையாளர்களையும் மக்களையும் வெளியே நிறுத்தினார். அது தவறு, சிவில் வழக்குகளும் திறந்தே நடக்க வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு கோப்பை மூட வேண்டுமானால் நீதிபதி காரணங்களைக் குறிப்பிட்டு உத்தரவு போட வேண்டும் என்று இன்று இருக்கும் விதிகள் அந்தத் தீர்ப்பை ஒட்டி வந்தவை. இரண்டு தரப்பும் பேசி ஒத்துக்கொண்டது மட்டும் கோப்பை மூடப் போதாது.

எந்த கவுன்டியில் தேடுவது?

கலிஃபோர்னியாவில் 58 கவுன்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுப்பீரியர் கோர்ட். விவாகரத்து, வாடகைத் தகராறு, டிராஃபிக் டிக்கெட், கொலை வழக்கு, உயில் எல்லாம் அங்கேதான். 1998-ல் மக்கள் வாக்களித்த பிறகு முனிசிபல் கோர்ட்டுகளும் சுப்பீரியர் கோர்ட்டோடு ஒவ்வொரு கவுன்டியாக இணைந்தன. அதனால் பழைய தாளில் முனிசிபல் கோர்ட் என்று இருந்தாலும் இப்போது சுப்பீரியர் கோர்ட்டில்தான் கேட்க வேண்டும்.

மாநிலம் முழுவதற்கும் சேர்த்து ஒரே தேடல் பக்கம் கிடையாது. கவுன்டி தவறினால் பதிவே இல்லை என்றுதான் திரை காட்டும், வழக்கு இல்லை என்று நினைத்துவிடுவோம். சன்னிவேல், குப்பர்டினோ, மில்பிட்டாஸ், சான் ஓசே எல்லாம் சாண்டா கிளாரா கவுன்டி. மில்பிட்டாஸுக்கு அடுத்திருக்கும் ஃப்ரீமான்ட் அலமீடா கவுன்டி. டப்ளினும் பிளசன்டனும் அலமீடா. டப்ளினை ஒட்டியே இருக்கும் சான் ரமோன் கான்ட்ரா கோஸ்டா, அதன் தலைமையிடம் மார்ட்டினெஸ். தெற்கே அர்வைன் ஆரஞ்சு கவுன்டி. ஒருவர் நான்கைந்து வருடத்துக்குள் மூன்று கவுன்டியில் வாடகைக்கு இருந்திருப்பது சகஜம். அவர் குடியிருந்த கவுன்டி ஒவ்வொன்றிலும் தேடுங்கள்.

விவாகரத்துக்கு ஒரு குறிப்பு உதவும். வழக்கு போடுவதற்கு முன் கணவனோ மனைவியோ ஒருவர் மாநிலத்தில் 6 மாதமும், வழக்கு போடும் கவுன்டியில் 3 மாதமும் குடியிருந்திருக்க வேண்டும். டிராஃபிக், கிரிமினல் வழக்குகளில் வீடு எங்கே என்பது கணக்கில்லை, சம்பவம் எங்கே நடந்தது என்பதுதான் கணக்கு. லாஸ் ஏஞ்சலஸுக்குக் காரில் போகும் வழியில் டிக்கெட் வாங்கியவர் எந்த கவுன்டி எல்லைக்குள் நிறுத்தப்பட்டார் என்று டிக்கெட்டைத்தான் பார்க்க வேண்டும்.

கோர்ட், ரெக்கார்டர், ஷெரிஃப்: யாரிடம் எது இருக்கும்?

பெயரில் கவுன்டி இருந்தாலும் சுப்பீரியர் கோர்ட் மாநில நீதித்துறையைச் சேர்ந்தது. கவுன்டி அலுவலகத்துக்கு மனு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே கோர்ட் கோப்பு கிடையாது.

வீட்டுப் பத்திரம், கடன் பதிவு, ஏலத்துக்கு முந்தைய நோட்டீஸ் எல்லாம் கவுன்டி ரெக்கார்டரிடம். திருமணச் சான்றிதழ் ரெக்கார்டரிடமோ கவுன்டி கிளார்க்கிடமோ இருக்கும். கலிஃபோர்னியாவில் ரகசியத் திருமண உரிமம் என்று ஒரு வகை உண்டு. அந்த வகையில் பதிந்திருந்தால், கோர்ட் உத்தரவு இல்லாமல் தம்பதியைத் தவிர வேறு யாருக்கும் நகல் தர மாட்டார்கள். கைது அறிக்கை நகரப் போலீஸிடம் அல்லது கவுன்டி போலீஸான ஷெரிஃபிடம். விவாகரத்துத் தீர்ப்பும் குற்ற வழக்கின் முடிவும் கோர்ட்டில்.

திவால் வழக்கு கவுன்டியில் இருக்காது. அது ஃபெடரல் (மத்திய அரசு) கோர்ட், பேசர் என்ற இணையதளத்தில் தேட வேண்டும். பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்தில் மொத்தம் 30 டாலரைத் தாண்டாவிட்டால் கட்டணமே இல்லை. குடிவரவு நீதிமன்றமும் ஃபெடரல்தான், ஆனால் அது பேசரில் இல்லை.

கேஸ் நம்பர் தெரியாது. என்ன செய்வது?

பெயரை வைத்துத் தேடி முதலில் நம்பரைக் கண்டுபிடியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். சாண்டா கிளாரா போன்ற கோர்ட்டுகளின் இணையப் பக்கத்தில் பெயர் கொடுத்து இலவசமாகத் தேடலாம். லாஸ் ஏஞ்சலஸில் சிவில் வழக்குகளைப் பெயரால் இணையத்தில் தேடக் கட்டணம் உண்டு. நேரில் போனால் கோர்ட்டில் பொதுமக்களுக்கு என்று வைத்திருக்கும் கணினியில் தேடலாம். ஊழியரைத் தேடச் சொல்லலாம். அதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் 15 டாலர்.

நம்பர் கிடைத்ததும் அதன் நடுவில் வரும் எழுத்துகளைக் கவனியுங்கள். பல கவுன்டிகளில் சி-வி என்றால் சிவில், எஃப்-எல் என்றால் குடும்ப வழக்கு, பி-ஆர் என்றால் உயில், வாரிசு விவகாரம். எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்பதும் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் பெரிய கவுன்டிகளில் குடும்ப நீதிமன்றம் ஒரு கட்டடத்திலும் கிரிமினல் வேறொரு கட்டடத்திலும் இருக்கும்.

பெயரைப் போட்டால் எதுவுமே வரவில்லையே?

தமிழ்ப் பெயர்கள் இந்தக் கணினிகளைப் பாடாய்ப் படுத்தும். கடைசிப் பெயர், முதல் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக ஏறியிருக்கும், அல்லது விசாவில் எல்லாமே ஒரே கட்டத்தில் விழுந்து, மற்றதில் எஃப்-என்-யூ என்று வந்திருக்கும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. போலீஸ்காரர் லைசென்ஸைப் பார்த்து எழுதியது ஒரு மாதிரி, வக்கீல் மனுவில் அடித்தது இன்னொரு மாதிரி இருக்கும்.

அதனால் பெயரை முன்னும் பின்னும் மாற்றிப் போடுங்கள். அப்பா பெயரை மட்டும் போட்டுப் பாருங்கள். இனிஷியலோடும் இனிஷியல் இல்லாமலும் பாருங்கள். கலைச்செல்வன் என்ற பெயரைச் சிலர் இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதுவார்கள். கோர்ட் கணினியில் ‘கலை’ முதல் பெயராகவும் ‘செல்வன்’ நடுப்பெயராகவும் போயிருக்கலாம். ‘ழ’ வரும் பெயர் என்றால் ஆங்கிலத்தில் இசட்-எச், எல் இரண்டிலும் தேட வேண்டும். ‘த’வுக்கு டி மட்டும் போடுபவர்களும் டி-எச் போடுபவர்களும் உண்டு. திருமணத்துக்குப் பிறகு மனைவியின் கடைசிப் பெயர் கணவருடைய பெயராக மாறியிருந்தால் இரண்டையும் தேடுங்கள். எழுத்தில் சந்தேகம் என்றால் முதல் மூன்று நான்கு எழுத்தை மட்டும் அடித்துத் தேட விடும் கோர்ட் பக்கங்களும் இருக்கின்றன.

இதற்கு நேர்மாறான தொல்லை, ஒரே பெயரில் நிறையப் பேர் வருவது. குமார், ரமேஷ் என்றால் பட்டியல் நீளும். முன்பு சில கோர்ட்டுகளின் இணையப் பக்கத்தில் பிறந்த தேதி கொடுத்து வடிகட்ட முடிந்தது. ரிவர்சைட் கவுன்டி கோர்ட்டின் இணையப் பக்கம் பற்றி 2021-ல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு, கிரிமினல் வழக்குகளைப் பிறந்த தேதி, லைசென்ஸ் நம்பர் வைத்துத் தேட விடுவது விதிகளுக்கு விரோதம் என்றது. பழைய தண்டனையைச் சுமந்துகொண்டு வேலை தேடும் ஒருவரை எல்லோரும் சுலபமாகத் தோண்டி எடுக்கக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். நடைமுறையில் நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக அதே ஆள் என்று முடிவு கட்டக் கூடாது. பெண் கொடுக்கும் இடத்தில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கும் பெற்றோருக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். கோப்புக்குள் இருக்கும் முகவரியையும் சம்பவ விவரத்தையும் பார்க்காமல் யார் மேலும் பழி போடாதீர்கள்.

இணையத்திலேயே எல்லாவற்றையும் படித்துவிட முடியாதா?

சாதாரண சிவில் வழக்கு என்றால் பல கவுன்டிகளில் மனுக்களையே இறக்கிக்கொள்ளலாம். குடும்ப வழக்கு, கிரிமினல், காப்பாளர் நியமனம், மனநலம், தொல்லை தடுப்பு உத்தரவு போன்றவற்றில் பொதுமக்களுக்கு இணையத்தில் ஆவணங்களைத் திறந்து காட்ட மாநில விதிகள் அனுமதிப்பதில்லை. இந்த வழக்குகளில் வாய்தா தேதியும், எந்த நாளில் என்ன தாக்கலானது என்ற நடவடிக்கைப் பட்டியலும் இணையத்தில் தெரியலாம். மனுவையே படிக்க வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். திரையில் இல்லை என்பதால் அது ரகசியம் என்று நினைக்க வேண்டாம்.

வழக்கின் தரப்பினருக்கு இந்தத் தடை இல்லை. அவர்கள் தங்கள் கோப்பைத் தொலைவிலிருந்தே பார்க்க 2019 முதல் விதிகள் வழி செய்கின்றன. உங்கள் கவுன்டி அந்த வசதியை ஏற்படுத்தியிருக்கிறதா என்று கோர்ட் இணையதளத்தில் பாருங்கள்.

நேரில் போனால் என்ன நடக்கும்?

வாசலில் ஏர்போர்ட்டில் செய்வது போல் பையைச் சோதிப்பார்கள். பேனாக்கத்தி, கத்தரிக்கோல் இருந்தால் காரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். உள்ளே பதிவுகள் பிரிவு என்று கேட்டால் காட்டுவார்கள். புதிய வழக்குகள் கணினித் திரையிலேயே முழுதாகத் திறக்கும். பழையவை காகிதக் கோப்பு. வெளிக் கிடங்கில் இருந்தால் வரவழைக்கச் சில நாள் ஆகும், அதனால் போவதற்கு முன் போனில் கேட்டுக்கொள்வது நல்லது.

கோப்பு கைக்கு வந்ததும் முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்காராதீர்கள், நாள் போதாது. நடவடிக்கைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு நான்கு தாள்களைத் தேடுங்கள்: வழக்கைத் தொடங்கிய மனு, சம்மன் சேர்த்ததற்கான சாட்சித் தாள், ஒவ்வொரு வாய்தாவிலும் நடந்ததை கிளார்க் எழுதிய மினிட் ஆர்டர், கடைசித் தீர்ப்பு. பெரும்பாலான சந்தேகங்கள் இவற்றிலேயே தீர்ந்துவிடும். எந்தெந்தப் பக்கத்துக்கு நகல் வேண்டும் என்று குறித்துக் கொடுத்தால் கவுண்டரில் எடுத்துத் தருவார்கள். போனில் படமெடுக்கலாமா என்பதைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

செலவு எவ்வளவு?

பார்ப்பதற்குக் காசு இல்லை. நகல் பக்கத்துக்கு 50 சென்ட். கோர்ட் முத்திரையோடு சான்றிட்ட நகல் என்றால், சான்றளிக்க 40 டாலர், அதோடு பக்கக் கட்டணம். விவாகரத்துத் தீர்ப்புக்கு மட்டும் சான்றளிப்புக் கட்டணம் குறைவு, 15 டாலர். கட்டணம் மாறக்கூடியது, போகும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வழக்கின் தரப்பாக இருந்து வருமானம் போதாதவர்கள் எஃப்-டபிள்யூ 001 என்ற படிவத்தில் விலக்கு கேட்கலாம். அந்த விண்ணப்பத்தில் இருக்கும் வருமான விவரங்களை மற்றவர்கள் பார்க்க முடியாது.

நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளச் சாதாரண நகல் போதும். அரசு அலுவலகத்துக்கோ இந்தியாவுக்கோ கொடுப்பதாக இருந்தால் மட்டும் சான்றிட்டது வாங்குங்கள்.

தபாலில் வாங்க முடியுமா?

முடியும். கடிதத்தில் கேஸ் நம்பர், தரப்பினர் பெயர், வேண்டிய ஆவணத்தின் பெயரும் தாக்கலான தேதியும், சாதாரணமா சான்றிட்டதா என்பது, உங்கள் போன் நம்பர். கூடவே உங்கள் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை. எத்தனை பக்கம் என்று தெரியாதபோது தொகையை எழுதாமல், இத்தனை டாலருக்கு மேல் போகக் கூடாது என்று குறித்த காசோலையைப் பல கோர்ட்டுகள் ஏற்றுக்கொள்கின்றன. ‘எல்லா ஆவணங்களும் வேண்டும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அப்படிப்பட்ட கடிதம் திரும்பி வரும், அல்லது நூற்றுக்கணக்கான பக்கத்துக்குக் கட்டணம் கேட்டுப் பதில் வரும்.

நான் ஊரில் இருக்கிறேன். கணவர் அங்கே விவாகரத்து போட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத வேண்டும் என்று தோன்றியது. விடுமுறைக்கு என்று ஊருக்கு அனுப்பிவைத்த மனைவியைத் திரும்ப அழைக்காமலேயே இங்கே வழக்கு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவளிடம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் மட்டும் வரும், அல்லது அதுகூட வராது. எல்லாம் முடிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று மாமனார் வீட்டில் சொல்வார்கள். அவர்கள் சொல்வதை நம்பி உட்கார வேண்டாம். கோப்பைப் பாருங்கள்.

கணவர் கடைசியாக இருந்த ஊரை வைத்து கவுன்டியைக் கண்டுபிடித்து, அவருடைய பெயரிலும் உங்கள் பெயரிலும் அந்த கோர்ட்டின் இணையப் பக்கத்தில் தேடுங்கள். இதைச் சென்னையில் இருந்தோ திருநெல்வேலியில் இருந்தோ செய்யலாம். வழக்கு நம்பர் கிடைத்தால் நடவடிக்கைப் பட்டியலையும் பாருங்கள். ஆவணங்களைப் படிக்க, அந்த ஊரில் இருக்கும் தோழியோ உறவினரோ நேரில் போய் நகல் வாங்கி உங்களுக்கு ஸ்கேன் செய்து அனுப்பலாம். விவாகரத்துக் கோப்பு பொது ஆவணம் என்பதால் அவரிடம் உங்கள் கையெழுத்தோ அதிகாரப் பத்திரமோ கேட்க மாட்டார்கள். டாலர் காசோலைக்கு அலையும் சிரமமும் இதில் இல்லை.

கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது சம்மன் சேர்த்த சாட்சித் தாள், எஃப்-எல் 115 என்ற படிவம். உங்களிடம் எந்தத் தேதியில், எந்த முகவரியில், எந்த முறையில் சம்மன் கொடுத்ததாக அதில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் ஊரில் இருந்த தேதியில் கலிஃபோர்னியா வீட்டில் கையில் கொடுத்ததாக இருந்தால், பாஸ்போர்ட் முத்திரையே உங்களுக்குச் சாட்சி. இந்தியாவில் இருப்பவருக்கு வெளிநாட்டு சம்மன் வர வேண்டிய முறையும் தனி. சம்மன் சேர்ப்பது பற்றிய ஹேக் உடன்படிக்கையில் இந்தியா இருக்கிறது. தபாலில் நேராக அனுப்புவதை இந்தியா ஏற்கவில்லை, தில்லியில் சட்ட அமைச்சகம் வழியாகத்தான் வர வேண்டும். இந்த விவரம் உங்கள் வக்கீலுக்குக் கையில் கிடைக்கும் வலுவான ஆயுதம்.

சம்மன் சேர்ந்த நாளிலிருந்து பதில் போட 30 நாள். அது தாண்டினால் உங்களைக் கேட்காமலேயே வழக்கு ஒருதலையாக நகரலாம். எவ்வளவு வேகமாக நகர்ந்தாலும், சம்மன் சேர்ந்து 6 மாதம் ஆகாமல் கலிஃபோர்னியாவில் விவாகரத்து முடிவுக்கு வராது. தீர்ப்பே வந்துவிட்டிருந்தாலும் கதவு முழுக்க மூடிவிடவில்லை. முறையான அறிவிப்பு இல்லாத தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க வழி உண்டு, அதற்குக் கெடு உண்டு, அதனால் நாளைத் தள்ளாமல் அங்கே ஒரு வக்கீலைப் பிடியுங்கள். இந்தியாவில் அந்தத் தீர்ப்பு செல்லுமா என்பது தனிக் கேள்வி. மனைவி மனமுவந்து கலந்துகொள்ளாமல், இந்துத் திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக வெளிநாட்டில் வாங்கிய விவாகரத்தை இங்கே ஏற்க முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லியிருக்கிறது. அதை வாதாடவும் அந்தக் கோப்பின் நகல் கையில் இருக்க வேண்டும்.

எந்தக் கோப்புகளைப் பார்க்கவே முடியாது?

சிறார் வழக்குகளும் தத்தெடுப்பும் மூடியவை. திறந்த கோப்புக்குள்ளும் மூடிய தாள்கள் இருக்கும்: குடும்ப வழக்கில் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கு, குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று நிபுணர் எழுதிய மதிப்பீடு போன்றவை. கிரிமினல் வழக்கில் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை, தண்டனை அறிவித்த 60 நாள் வரை திறந்திருக்கும், பிறகு பொதுமக்களுக்கு மூடிவிடும். சமூகப் பாதுகாப்பு எண்ணில் கடைசி நான்கு இலக்கத்துக்கு மேல் மனுவில் எழுதக் கூடாது. உங்கள் கோப்பில் முழு எண் கிடப்பதைப் பார்த்தால் உடனே மறைக்கச் சொல்லி மனு கொடுங்கள்.

வாடகை வீட்டை விட்டு வெளியேற்றும் வழக்கு என் பேரில் இருந்தால் எல்லோருக்கும் தெரியுமா?

உடனே தெரியாது. இந்த வழக்குகளை முதல் 60 நாள் பொதுமக்கள் பார்வையிலிருந்து மறைத்து வைக்கச் சட்டம் இருக்கிறது. அந்த 60 நாளுக்குள் வீட்டுக்காரர் ஜெயித்தால், அல்லது அதற்குப் பிறகு விசாரணை நடந்து அவர் ஜெயித்து நீதிபதி உத்தரவு போட்டால்தான் திறக்கும். இல்லையென்றால் மூடியே இருக்கும். 2017-ல் நடைமுறைக்கு வந்த இந்தத் திருத்தம் நல்ல காரியம். அதற்கு முன் வழக்கில் ஜெயித்த குடித்தனக்காரருக்குக்கூட அடுத்த வீடு கிடைக்காமல் போனது. மறைந்திருக்கும் நாள்களிலும் வழக்கின் தரப்பான உங்களுக்கு உங்கள் கோப்பைக் காட்டியாக வேண்டும்.

குடியுரிமைக்கு ‘கோர்ட் டிஸ்போசிஷன்’ கேட்கிறார்கள். அது என்ன?

வழக்கு எப்படி முடிந்தது என்று காட்டும் சான்றிட்ட தாள். தள்ளுபடியா, குற்றத்தை ஒப்புக்கொண்டீர்களா, என்ன தண்டனை, அதை நிறைவேற்றினீர்களா என்பது அதில் இருக்கும். கைதான கவுன்டியின் கிரிமினல் பிரிவில் கேட்க வேண்டும். தண்டனையைப் பிற்பாடு கோர்ட்டில் நீக்கியிருந்தாலும் குடியுரிமை விண்ணப்பத்தில் சொல்லியாக வேண்டும். ‘அதுதான் க்ளீன் ஆகிவிட்டதே’ என்று மறைப்பவர்கள் சின்ன விஷயத்தைப் பொய் சொன்ன விஷயமாக மாற்றிக்கொள்கிறார்கள்.

பழைய கோப்புகளை அழிக்கச் சட்டமே அனுமதிக்கிறது. சின்னக் குற்றங்களுக்குப் பொதுவாக 5 வருடம், குடித்துவிட்டு ஓட்டிய வழக்குக்கு 10 வருடம் என்று கணக்கு. கோப்பு அழிந்திருந்தால் பதிவு இல்லை என்று கோர்ட்டிடமே முத்திரையோடு கடிதம் கேட்டு வாங்குங்கள். வெறுமனே கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்வது எடுபடாது. போலீஸ் கைது செய்து வழக்கே போடவில்லை என்றால் கோர்ட்டில் எதுவும் இருக்காது, அதற்கும் அதே மாதிரி கடிதம்தான். விண்ணப்பிக்கும் முன்னாலேயே வாங்கி வையுங்கள், நேர்காணல் தேதி வந்த பிறகு ஓடாதீர்கள்.

வாய்தாவில் நீதிபதி பேசியதை எழுத்தில் வாங்க முடியுமா?

மினிட் ஆர்டரில் முடிவு மட்டும் இருக்கும். வார்த்தைக்கு வார்த்தை வேண்டுமானால் கோர்ட் ரிப்போர்ட்டரிடம் தனியாகப் பணம் கட்டி வாங்க வேண்டும். பல சிவில், குடும்ப வாய்தாக்களில் ரிப்போர்ட்டரே இருப்பதில்லை, அப்படியென்றால் எழுத்துப் பதிவு கிடைக்காது. முக்கியமான வாய்தா என்றால் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

பணம் கட்டினால் எல்லாம் காட்டுகிறோம் என்னும் இணையதளங்களை நம்பலாமா?

வேண்டாம். அவை பல இடங்களில் அள்ளிய பழைய தகவலைக் கலந்து விற்கின்றன. தள்ளுபடியான வழக்கு அங்கே இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டும். வேறொருவரின் கைது உங்கள் பெயரோடு ஒட்டியிருக்கும். மாதாமாதம் கார்டில் பணம் எடுப்பார்கள். அங்கே வாங்கிய தாளை எந்த அலுவலகமும் கோர்ட் ஆவணமாக ஏற்காது. கோர்ட்டின் சொந்த இணைய முகவரியை மாநில நீதித்துறையின் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கவுண்டரில் தர முடியாது என்று சொன்னால்?

கோபப்படாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த உத்தரவின்படி அல்லது எந்தச் சட்டப் பிரிவின்படி மூடியிருக்கிறது? உண்மையிலேயே மூடியதாக இருந்தால் சொல்லிவிடுவார்கள். மேற்பார்வையாளரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம், வேண்டியதை எழுத்தில் கொடுத்துப் பதிலையும் எழுத்தில் கேட்கலாம். மாநிலத்தின் பொதுப் பதிவுகள் சட்டத்தைச் சுட்டிக் கடிதம் எழுதுவதில் பலனில்லை, அந்தச் சட்டம் கோர்ட்டுகளுக்குப் பொருந்தாது. கோர்ட்டின் செலவுக் கணக்கு, ஒப்பந்தம் போன்ற நிர்வாகப் பதிவுகளுக்குத் தனி விதி உண்டு. மூடிய கோப்பைத் திறக்க வேண்டுமானால் நீதிபதியிடம் மனு போட வேண்டும், அதற்கு வக்கீல் உதவி வேண்டியிருக்கும்.

வாங்கிய தீர்ப்பை இந்தியாவில் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ஏதாவது முத்திரை வேண்டுமா?

வேண்டும், அப்போஸ்டில். ஒரு நாட்டு ஆவணத்தின் கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று இன்னொரு நாட்டுக்குக் காட்டும் சான்று அது. இந்தியா 2005 முதல் அதற்கான சர்வதேச உடன்படிக்கையில் இருப்பதால் தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை. கோர்ட்டில் வாங்கிய சான்றிட்ட நகலை அப்படியே கலிஃபோர்னியா மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு சாக்ரமென்டோவுக்குத் தபாலில் அனுப்பலாம், அல்லது சாக்ரமென்டோவிலோ லாஸ் ஏஞ்சலஸிலோ நேரில் கொடுக்கலாம். ஒரு ஆவணத்துக்கு 20 டாலர், நேரில் என்றால் ஒரு கையெழுத்துக்கு 6 டாலர் கூடுதல். கோர்ட் கிளார்க்கின் கையெழுத்து மையில் தெளிவாக, பெயரோடு இருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். நகலைத் தைத்திருக்கும் பின்னைக் கழற்ற வேண்டாம். கழற்றிய நகலைத் திருப்பி அனுப்பிவிட இடமுண்டு. ஊரில் குடும்ப நீதிமன்றத்துக்கு ஒன்று, பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு ஒன்று என்று தேவைப்படலாம், அதனால் இரண்டு நகலாக வாங்கி இரண்டுக்கும் அப்போஸ்டில் போட்டுக்கொள்ளுங்கள்.